எட்டங்குல இரும்பு முனி

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த டைரி பேரிங் கடையில் சும்மா கொடுத்தது. தாள் வழவழவென்று இருக்கிறது. எழுத்து கோணிக்கொண்டு போவதற்குத் தாள்தான் காரணம். இத்தனை மாதம் எழுதாமல் கிடந்ததை இன்று எடுத்திருக்கிறேன். ஒரு பந்தயம் நடந்திருக்கிறது. பிற்பாடு யாரும் வார்த்தை மாறக் கூடாது.

பெயர் வெள்ளியங்கிரி. கோயமுத்தூர் கணபதியில், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். எவனிடமும் தொழில் கற்கவில்லை. கற்றுக்கொடுக்க எவனும் தயாராக இல்லை என்பதும் உண்மை. மெக்கானிக் சங்கத்தில் சேரப் போனபோது சான்றிதழ் கேட்டார்கள். நான் பிரித்து மாட்டிய மோட்டாரைக் காட்டினேன். மறுபடியும் சான்றிதழ் கேட்டார்கள். அன்றோடு அந்தச் சங்கத்தை நான் விலக்கி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து மகள் கோகிலா வந்திருந்தாள். நான் முழங்காலுக்கு நடுவில் மோட்டாரை இடுக்கிக்கொண்டு நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மோட்டார் நழுவிக் காலில் விழுந்தது. அவள் கதவோரம் நின்று பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா, சோத்தாங்கை புடிக்கலதானே?"

"மோட்டார்ல எண்ணெய் இருந்துச்சு அம்மிணி."

"காலைல காப்பி டம்ளர்லயும் எண்ணெய்தான் இருந்துச்சா?"

உள்ளேயிருந்து மயிலாத்தாள் சிரித்தாள். என் வீட்டுக்காரி, நான் கூப்பிடுவது மயிலாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பதில் அவளுக்கு இணை கிடையாது.

ஷெட்டை விற்றுவிட்டு இருவரும் ஓசூருக்கு வந்துவிட வேண்டும் என்கிறாள் மகள். முடியாது என்றேன். அவள் என் மகள், விடவில்லை. கடைசியில் பந்தயம் இப்படி முடிவானது: தீபாவளிக்கு அவள் வரும்போது ஒரு மோட்டாரை நான் பிரித்து, பேரிங் மாற்றி, மாட்டி, தண்ணீர் இறைத்துக் காட்ட வேண்டும். யாரிடமும் 'புடி' என்று கேட்கக் கூடாது. கேட்டால் தோற்றேன், ஓசூர். கேட்காமல் முடித்தால் இந்தப் பேச்சை அவள் ஆயுசுக்கும் எடுக்க மாட்டாள்.

நான் ஒரு ஷரத்து சேர்த்தேன். யாராவது தானாக வந்து கை வைத்தால் அது என் கணக்கில் வராது. மயிலாள் வைப்பாள், எனக்குத் தெரியும். கோகிலா ஒப்புக்கொண்டாள்.

வலது கை ஆனி மாதத்தில் ஒரு நாள் கொஞ்சம் மரத்துப் போனது. டாக்டர் ஏதேதோ சொன்னார். அவர் வயது என் டிரில்லிங் மிஷினைவிடக் குறைவு.

செப்டம்பர் 5, வெள்ளி

யோசித்து முடிவுக்கு வந்தேன். குற்றம் கையில் இல்லை, வைஸில் இருக்கிறது. என் பெஞ்ச் வைஸின் வாய் நாலங்குலம். மோட்டாரின் முழு உடம்பையும் கவ்விப் பிடிக்கிற பெரிய வைஸ் இருந்தால் முழங்காலும் வேண்டாம், எவன் கையும் வேண்டாம். இரும்பு பிடிக்கும், நான் கழற்றுவேன்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். கிடைத்தவை எல்லாம் வாய் உடைந்தவை, மரை தேய்ந்தவை. புதிது விற்கிற கடையில் ஒன்றைக் காட்டினான். தட்டிப் பார்த்தேன். ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம் வந்தது. அதைச் சொன்னேன். "பெருசு, வாங்கறதுன்னா வாங்குங், இல்லீன்னா தட்டாதீங்" என்றான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கிடைத்தே விட்டது. மயிலாளிடம் சொன்னபோது என் குரல் கீச்சென்று வந்ததாக அவள் சொல்கிறாள். பொய்.

ஒரு மோட்டாரைத் திருப்பிக் கொடுக்க ஓடைப் பக்கம் போனேன். அங்கே இரும்பு வார்க்கிற, மூடிப்போன ஃபவுண்டரி ஒன்றின் சுற்றுச்சுவர் மட்டும் நிற்கிறது. சுவரை ஒட்டி ரோட்டோரத்தில் ஒரு முனியப்பன் கோயில். கோயில் என்றால் நாலு தகரம்தான். நான் கோயில்களைத் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் சாமியின் வயிற்றிலிருந்து குறுக்காக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியின் இரண்டு முனையிலும் உருண்டை.

அந்த உருண்டையை எனக்குத் தெரியும். அது வைஸின் கைப்பிடி.

கிட்டே போனேன். வார்ப்பிரும்புத் தூணின் மேல், இடுப்புயரத்தில், ஆட்டுக்கிடாய் அளவுக்கு ஒரு வைஸ். மஞ்சள் அப்பி, சந்தனம் அப்பி, குங்குமம் அப்பி, இரண்டு கண்மலர் ஒட்டி, அடியில் சிவப்புக் கரை வேட்டி சுற்றியிருந்தது. வாயில் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன்.

"ஏனுங் பெரியவரே, சாமி வேட்டிக்குள்ள என்னத்தைத் தேடறீங்?"

திரும்பினால் இடுப்பில் கை வைத்து ஒரு பெண்பிள்ளை. பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் பட்டத்தாள். இந்தக் கோயிலின் பூசாரியும் அவள்தானாம். அவளை யாரும் நியமிக்கவில்லை. அந்த விதத்தில் எனக்கு அவளைப் பிடித்தது.

"மாடல் நம்பர்" என்றேன்.

"சாமிக்கு ஏதுங் மாடல்?"

விசாரித்ததில் கதை இது. ஃபவுண்டரி ஆட்கள் கடைசி ஆயுத பூஜைக்கு இதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்புறம் கம்பெனி மூடியது. மிஷின்களை எல்லாம் ஏற்றிப் போனார்கள். இது தூணோடு கான்கிரீட்டில் நின்றதால் அசைக்க முடியவில்லை. அப்புறம் பக்கத்து லைன் வீடுகளுக்குக் குடி வந்தவர்கள் பொட்டு வைத்த இரும்பைப் பார்த்தார்கள். சாமி என்றார்கள். அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழத்தை வாயில் வைத்துக் கைப்பிடியைத் திருகி நசுக்கினால் கண்ணேறு போய்விடுமாம். பெயர் இரும்பு முனி.

"நெம்பத் துடியான சாமிங். எங்க வீட்டுக்காரரு குடிக்கிறதை நிறுத்தினாரு" என்றாள் பட்டத்தாள்.

"எப்படி?"

"இது முன்னால தலைகுப்புற விழுந்து பல்லு போச்சுங். அன்னையோட நிறுத்திட்டாரு."

இன்னொன்றும் சொன்னாள். மாநகராட்சி அங்கே சாக்கடை தோண்டப் போகிறது. சாமியைப் பெயர்த்து லாரியில் போடுவார்களாம். சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கியது. எனக்கு ஏறியது.

செப்டம்பர் 10, புதன்

எட்டங்குலம். இன்று மறுபடி போய் டேப் வைத்து அளந்துவிட்டேன். பட்டத்தாள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 13, சனி

லைன் வீட்டு ஆட்கள் கூடினார்கள். மயிலாளும் வந்தாள். நான் அழைக்கவில்லை. பட்டத்தாள் அவளைப் பார்த்து "வாங்க்கா" என்றாள், நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவள் மாதிரி. இந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கிறது.

நான் சுருக்கமாகச் சொன்னேன். உங்களுக்கு இடம் இல்லை, என் ஷெட்டில் இருக்கிறது, கொடுங்கள்.

"திருநீறு பூசாத ஆளுகிட்டச் சாமியக் குடுக்கறதா?" என்றார் ஒருவர்.

"இது சாமி இல்லீங்க. பெஞ்ச் வைஸ். இரும்பைக் கவ்விப் பிடிக்கிறது" என்றேன். உண்மையைச் சொல்ல நான் எப்போதும் தயங்கியதில்லை. கூட்டம் அத்தனையும் எழுந்துவிட்டது. மயிலாள் என் தொடையில் கிள்ளினாள்.

"அவரு சொல்றதை உடுங்" என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். "கல்யாணத்தன்னிக்கே ஐயரோட சண்டை புடிச்ச ஆளு. ஆனா ஒரு பொருளை வெச்சிருந்தாருன்னா பொழுதன்னிக்கும் தொடச்சுக்கிட்டே இருப்பாரு. சாமிக்கு அதுதானே வேணும்."

பட்டத்தாள் யோசித்தாள். "முனியவே கேப்போம். பூ கேட்டு, வெள்ளைன்னா கூட்டிட்டுப் போகட்டும். சிவப்புன்னா நகரக் கூடாது."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் எதற்கெடுத்தாலும் இதுதான். இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சம்பந்தமில்லாத ஆள் ஒருவர் எடுப்பார். என் வாழ்க்கையில் நான் ஒரு தடவைகூட இப்படி எதையும் முடிவு செய்ததில்லை. ஒரு வைஸுக்காக அரளிப்பூ முன்னால் கை கட்டி நிற்பதா என்று கேட்டேன்.

வரும் வியாழக்கிழமை நிற்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை. சிரிப்பு வருகிறது.

ஜேசிபி காலையிலேயே வந்து உறுமிக்கொண்டு நின்றது. சம்பந்தமில்லாத ஆள் வேண்டும் என்றார்களே, அதை ஓட்டி வந்த பீகார்க்காரரை இறங்கச் சொன்னார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. கற்பூரம் காட்டி, தட்டில் இரண்டு பொட்டலத்தையும் வைத்து அவர் முன்னால் நீட்டினார்கள். அவர் கும்பிட்டுவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறப் போனார். டிபன் என்று நினைத்திருக்கிறார்.

நாலு பேர் ஓடி அவரைப் பிடித்தார்கள். ஒன்று, ஒன்று என்று பத்து விரல்கள் அவர் முகத்துக்கு நேரே நின்றன. மிரண்டுபோய் ஒன்றைக் கீழே வைத்தார். கையிலிருந்ததைப் பட்டத்தாள் பிரித்தாள். வெள்ளை நந்தியாவட்டை.

பெண்கள் குலவை போட்டார்கள். நானும் ஏதோ சத்தம் போட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்றப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். எதையும் சரிபார்ப்பது என் வழக்கம். பட்டத்தாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாமி சொல்லியாச்சு, பொறவென்னங்" என்றாள். மயிலாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜேசிபி தூணோடு முனியைப் பெயர்த்துத் தூக்கியது. அது மண் அள்ளும் தொட்டியிலேயே உட்கார வைத்து, மாலை போட்டு, உறுமி மேளத்தோடு கணபதி வரை ஊர்வலம். ஓட்டுகிறவர் வைஸைக் கீழே தள்ளிவிடுவார் என்ற பயத்தில் நான் முன்னால் நடந்தேன். யாரோ என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். இடது கையில்தான் வாங்கினேன். வழியில் மெக்கானிக் சங்கத்து ஆபீஸ். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். தொட்டியில் மாலையோடு எட்டங்குல வைஸ், முன்னால் வேப்பிலையோடு நான். ஆபீஸைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.

நிபந்தனை ஒன்று: அமாவாசை தோறும் அவர்கள் என் ஷெட்டுக்கு வந்து பூஜை செய்வார்கள். ஒப்புக்கொண்டேன். அமாவாசை மாதத்தில் ஒரு நாள். மற்ற நாள் எல்லாம் வைஸ்.

செப்டம்பர் 21, ஞாயிறு. அமாவாசை

ஷெட் முழுக்க எலுமிச்சைச் சாறு. என் அரத்தைத் தள்ளி வைத்து அதன் இடத்தில் ஊதுபத்தி செருகியிருக்கிறார்கள். பொங்கல் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

பிரிக்கத் தொடங்கிவிட்டேன். பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டுத் தூணிலிருந்து இறக்கினேன். செயினை ஒரு கையால் இழுக்கலாம். அந்தக் காலத்தில் யாரோ நல்ல மூளைக்காரன் கண்டுபிடித்திருக்கிறான்.

சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து மரப்பட்டை மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. தகட்டை வைத்துச் சுரண்டச் சுரண்டப் பாளம் பாளமாக உதிர்ந்தது. முன்வாயைத் திருகி வெளியே இழுத்தேன். உள்ளே இருக்கும் திருகுதண்டு வந்தது. சதுர மரை. பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பொட்டுத் துரு இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் தலையில் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். அது வழிந்து மரைக்குள் இறங்கி இத்தனை வருஷமும் காப்பாற்றியிருக்கிறது. நான் வைத்துப் பராமரித்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. வாய்த் தகடுகள்தான் போய்விட்டன. எலுமிச்சை அரித்துத் தேன்கூடு மாதிரி ஆகியிருந்தன.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டு, மீதியைத் தரையில் பரப்பியிருந்தபோது பட்டத்தாள் விளக்குக்கு எண்ணெய் கொண்டு வந்தாள். கதவிலேயே நின்றுவிட்டாள்.

"சாமி எங்கங்?"

தொட்டியைக் காட்டினேன். அப்புறம் தரையை. அப்புறம் ஜன்னல் திண்டில் இருந்த போல்ட்டுகளை.

அவள் சத்தம் போடுவாள் என்று தயாராக இருந்தேன். போடவில்லை. உள்ளே வந்து, குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல எதுங் தலை?"

"தலைன்னு ஒண்ணும் இல்ல. இது முன்வாய். இது பின்வாய். இது திருகு."

"வாயும் தொண்டையும்தானா? வயிறே இல்லியா?" திருகை விரலால் தொட்டாள். "அதான் எதைக் கேட்டாலும் பேசாம கேட்டுக்குது" என்றாள்.

அம்மணமாகக் கிடக்கக் கூடாது, துணி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். என் துவைத்த வேட்டியை எடுத்துப் போர்த்தினேன். தூசி படாமல் இருப்பதற்காக.

செப்டம்பர் 27, சனி

கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் கயிறுகளை வெட்டி ஒரு சட்டியில் போட்டேன். ஓடையில் விட வேண்டுமாம். வேண்டிக்கொண்டு கோத்த சின்னத் தொட்டில், வளையல், பூட்டு, என்னென்னவோ.

வலப்பக்க உருண்டைக்குக் கீழே ஒரு துணி முடிச்சு. நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. போன ஆடியில் என் லுங்கி ஒன்றைத் தரை துடைக்கக் கிழித்துவிட்டதாக மயிலாள் சொன்னாள். இந்த மாதிரி லுங்கியை ஊரில் ஆயிரம் பேர் கட்டுகிறார்கள். முடிச்சில் தகட்டில் வெட்டிய ஒரு சின்னக் கை கோத்திருந்தது. அது வலது கையா, இடது கையா என்று நான் ஆராயவில்லை.

அதை மட்டும் அவிழ்க்கவில்லை. முடிச்சு நன்றாக இறுகிப்போயிருந்தது.

சாயங்காலம் மயிலாளிடம் பலகாரம் ஏதாவது செய்யச் சொன்னேன். "என்ன விசேஷமுங்?" என்றாள். விசேஷம் ஒன்றும் இல்லை, பசிக்கிறது என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வைஸ் இன்னும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பட்டத்தாள் வந்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தாள். போல்ட், வாஷர் எதையும் விடவில்லை.

அக்டோபர் 8, புதன்

பெயின்ட் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் திருடர்கள்.

புதுத் தகடு தயார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அறுத்து வாங்கி வந்து, பிடிமானத்துக்குக் குறுக்குக் கோடுகளை நானே அரத்தால் போட்டேன். அரத்தை இடது கையில் பிடித்து மார்பால் தள்ளினேன். கோடுகள் நேராக இல்லை. பிடிமானத்துக்கு நேர் எதற்கு?

அப்புறம் வைஸின் உடம்புக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தேன். மறுநாள் காலையில் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி அப்பளம். இரும்புக்குள் ஊறிய எண்ணெய் வியர்த்து வியர்த்துப் பெயின்ட்டை எழுப்பிவிடுகிறது. மூன்றாவது தடவை வேறு கம்பெனி டப்பா வாங்கினேன், அதுவும் அப்பளம்.

"அவுருக்கு அந்தக் கலரு புடிக்கலீங்" என்றாள் பட்டத்தாள்.

"இரும்புக்குப் பிடிக்கிறது பிடிக்காதது எல்லாம் கிடையாது."

"உங்களுக்கு இருக்குதில்லங்? நீங்களும் இரும்பாட்டம்தான இருக்கறீங்."

நெருப்பு வைத்து எண்ணெயை எரித்து எடுக்கலாம் என்று ப்ளோலாம்ப்பை எடுத்தேன். மயிலாள் வந்து முன்னால் நின்றுகொண்டாள். சும்மா நின்றாள். ப்ளோலாம்ப்பைத் திரும்ப வைத்தேன். காஸ் விலை ஏறிக் கிடக்கிறது.

பெயின்ட் இல்லாமலே விட்டுவிட்டேன். துணியால் துடைக்கத் துடைக்கக் கறுப்பாக ஒரு பளபளப்பு வருகிறது. யானைக் கன்று மாதிரி. இப்படித்தான் வேண்டும் என்று முதலிலேயே நினைத்திருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது.

தூணைத் தரையில் இறக்கி கான்கிரீட் போட்டு, வைஸை மேலே உட்கார வைத்து போல்ட்டுகளை இறுக்கினேன். கைப்பிடியைச் சுண்டினேன். அது தானாக இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பி சரிந்து, உருண்டை டங்கென்று தட்டி நின்றது. அந்த டங். இன்னொரு தடவை சுண்டினேன். டங். மயிலாளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். இன்னொரு தடவை. "ஏனுங், அரிசி அடுப்புல இருக்குது" என்று போய்விட்டாள். சங்கீதம் தெரியாதவள்.

ஒரு மோட்டாரை வாயில் வைத்தேன். கைப்பிடியை வயிற்றால் தள்ளி இறுக்கினேன். எட்டி உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மோட்டாரின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அப்போதும் அசையவில்லை. மயிலாள் வந்து பார்த்தபோது நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எறங்குங். வயசு எழுபத்தி மூணு."

இறங்கினேன். அவள் போனதும் ஏறினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கோகிலா வந்துவிட்டாள். ஷெட்டுக்குள் நுழைந்தவள் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் பேரிங் டப்பாக்கள். ஒரு பக்கம் சூலம், மணி, விளக்கு. நடுவில் கண்மலரோடு வைஸ்.

"ஷெட்டை விக்கலாம்னு பாத்தா நீங்க கோயிலே கட்டிட்டீங்களாப்பா?"

"வைஸ் அம்மிணி."

"வைஸுக்கு ஏம்ப்பா உண்டியலு?"

அது பட்டத்தாள் வைத்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தீபாவளி முடிந்து செவ்வாய்க்கிழமை பந்தயம்.

அக்டோபர் 21, செவ்வாய். அமாவாசை

முழுதாக எழுதுகிறேன். இது சாட்சி.

மத்தியானம் ஆரம்பித்தேன். கோகிலா ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மயிலாளை வாசல்படிக்கு வெளியே நிற்க வைத்தாள். மோட்டாரை வைஸ் வாயில் வைத்து வயிற்றால் இறுக்கினேன். கவரைக் கழற்றினேன். உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம், இம்பெல்லர், வந்தது. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தேன். எல்லாம் இடது கையால். வைஸ் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பாட்டுகூடப் பாடினேனாம்.

கோகிலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. தோற்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வருத்தமாக இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

புதுப் பேரிங் போட்டு, தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் போட்டு, இம்பெல்லரை மாட்டுகிற இடத்துக்கு வந்தேன். சீலுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது இம்பெல்லரை வெளியே தள்ளும். ஒரு கை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை நட்டைத் தொடங்க வேண்டும். நட்டு ஒரு சுற்றுப் பிடித்துவிட்டால் போதும். நெஞ்சால் அழுத்தினேன். நட்டு எட்டவில்லை. முழங்கையால் அழுத்தினேன். நழுவியது. தாடையால் அழுத்தினேன். வலது கையை அதன் மேல் தூக்கி வைத்து, பிடி என்றேன். கைக்குத்தான் சொன்னேன். அது அங்கேயே கிடந்தது.

நட்டு கீழே விழுந்து உருண்டு கோகிலாவின் காலடியில் போய் நின்றது. அவள் எடுக்கவில்லை. காலைத் தூக்கி வழி விட்டாள். அவள் என் மகள். குனிந்து எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பட்டத்தாள் கூட்டத்தோடு வந்துவிட்டாள். தட்டு நிறைய எலுமிச்சம்பழம். சாமி வாயில் மோட்டார்.

"வாயில இதை வெச்சிருந்தீங்கன்னா நாங்க பழத்தை எங்கங் வெக்கறது?"

"காத்திருங்க."

"நல்ல நேரம் போயிருமுங்."

"போகட்டும்."

அவர்கள் போகவில்லை. நான் சீக்கிரம் முடிக்கட்டும் என்று உறுமியையும் பம்பையையும் வாசலிலேயே அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி நழுவியது. மறுபடி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சட்டை நனைந்துவிட்டது. வைஸ் எதையும் விடவில்லை. அது பிடிக்க வேண்டியதை அது பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு உள்ளங்கை அளவுக்கு. அந்த அளவுக்கு இரும்பில் ஒன்றும் செய்ய முடியாது.

மெக்கானிக் சங்கத்திடம் நான் கேட்டதில்லை. டாக்டரிடம் கேட்டதில்லை. மயிலாளிடம்கூடக் கேட்டதில்லை, கேட்கும் முன்பே அவள் செய்துவிடுவாள்.

"புடி அம்மிணி" என்றேன்.

அவள் வந்தாள். இரண்டு கையாலும் இம்பெல்லரை அழுத்திப் பிடித்தாள். நான் நட்டை வைத்துத் திருகினேன். பிடித்தது. இறுக்கினேன். கவர் போட்டு மோட்டாரை வைஸ் வாயிலிருந்து இறக்கினேன். குழாயை மாட்டி சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பீறிட்டு அடித்தது. குழாயின் மறுமுனையை யாரும் கவனிக்கவில்லை. பம்பைக்காரர், பட்டத்தாள், எலுமிச்சம்பழத் தட்டு, மயிலாள், எல்லாம் நனைந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். கோகிலா முழுக்க நனைந்து சிரித்துக்கொண்டு நின்றாள். சிறு வயதில் மழையில் இப்படித்தான் நிற்பாள்.

சத்தம் அடங்கியதும் சொன்னேன்: "நான் தோத்துட்டேன்."

"இல்லீங்ப்பா. நானாத்தான் வந்து புடிச்சேன். உங்க ஷரத்துப்படி நீங்க கெலிச்சீங்க."

"நான் கேட்டேன்."

"மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அம்மாவைக் கேளு."

"எனக்கும் ஒண்ணும் கேக்கலீங்" என்றாள் மயிலாள், புடவையைப் பிழிந்துகொண்டு.

பட்டத்தாளைப் பார்த்தேன். அவள் எலுமிச்சம்பழத்தைச் சாமி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து சண்டை. பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். தோற்றால் ஓசூர். அதுதான் பேச்சு. நான் வார்த்தை மாறுகிறவன் இல்லை.

"வர வேண்டாம்ப்பா. நீங்க கெலிச்சீங்க. இங்கயே இருங்க" என்கிறாள் கோகிலா.

"தோத்தவனை ஜெயிச்சான்னு சொல்லி அவமானப்படுத்தாத."

"பந்தயம் கட்டறப்ப வர மாட்டேன்னீங்க. இப்ப வர வேண்டாம்னா வருவேங்கறீங்க."

"எனக்குன்னு ஒரு நியாயம் இருக்குது."

மத்தியானம் பட்டத்தாள் வந்து விசாரித்தாள். என்னையும் கோகிலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனும் மகளும் ஒட்டுக்காத் தோத்துட்டேன் தோத்துட்டேன்னு சண்டை போடறதை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு, கார்த்திகை அமாவாசைக்குச் சாமி இருக்கும், ஷெட் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டாள்.

கோகிலா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். சரி, தோற்றதாகவே இருக்கட்டும். ஓசூருக்கு வாருங்கள். அங்கே கைக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், பார்ப்போம். கார்த்திகை அமாவாசைக்குத் திரும்பி வந்துவிடலாம். ஷெட் எங்கேயும் போகாது, அதை இனி விற்கவும் முடியாது, வாங்குகிறவன் சாமியையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்றாள்.

ஒப்புக்கொண்டேன். வைத்தியத்துக்காக இல்லை. தோற்றதற்காக.

சாவியைப் பட்டத்தாளிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெயைத் தலையில் ஊற்ற வேண்டாம், திருகின் மரையில் மட்டும் விடு என்று காட்டிக் கொடுத்தேன். "சாமிக்கு நீங்க சொல்லித் தரீங்ளா?" என்றாள். ஆனாலும் மரையில்தான் விட்டாள்.

அக்டோபர் 25, சனி. ஓசூர்

காலையில் கணபதியில் கிளம்பும்போது காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட் போடச் சொன்னாள் கோகிலா. போட்டேன். மாட்டவில்லை. அந்தக் கொக்கியின் வாய் ஆடுகிறது. அதை ஒரு கை பிடித்துக்கொண்டால்தான் இன்னொரு கை செருக முடியும். இதை வடிவமைத்த ஆளுக்குச் சான்றிதழ் இருந்திருக்கும்.

அவள் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் மயிலாளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது. மேளம் எதுவும் இல்லை. தெரு அமைதியாக இருந்தது.

"மாட்டி உடு அம்மிணி" என்றேன்.

"கேட்டுச்சுங்ப்பா" என்றாள்.